தேர் நாளில் ஓவனைக் கழற்றிய மாப்பிள்ளை

புது மாப்பிள்ளைக்கு மாமியார் வீட்டில் கிடைக்கும் மரியாதையைப் போல ஆபத்தானது வேறில்லை. அவன் கிணற்றில் குதிக்கப் போனாலும் குளிக்கப் போகிறார் என்று துண்டை எடுத்து நீட்டுவார்கள்.

எனக்குக் காஞ்சிபுரத்தில் தேரோடும் வீதி ஒன்றில் பெண் கொடுத்திருந்தார்கள். நான் அம்பத்தூரில் ஹீட்டர் செய்யும் கம்பெனி ஒன்றில் பில் போடும் குமாஸ்தா. கல்யாணத் தரகர் இதில் ஹீட்டர் கம்பெனி என்பதை மட்டும் சொல்லிவைத்திருந்தார் (நானும் மீதியைச் சொல்லி அவர் பிழைப்பைக் கெடுக்கவில்லை).

நான் விருந்துக்குப் போயிருந்த அன்று தேர். மச்சினி பவித்ராவின் முதல் கேக் ஆர்டரும் அன்றுதான். எதிர்வீட்டுக் குழந்தைக்குச் சாயங்காலம் பிறந்தநாள். கேக் சொதப்பினால் ஓவனை விற்றுவிட்டு வேலைக்குப் போக வேண்டும் என்பது மாமியாரின் தீர்ப்பு. மாவு, முட்டையெல்லாம் எடுத்து வைத்துவிட்டுப் பெண்கள் அர்ச்சனைத் தட்டோடு வாசலுக்குப் போனார்கள். ஓவனைச் சூடாக்கியாவது வைப்போமே என்று போட்டேன். முறுக்கிவிட்ட டைமர் டிக் டிக் என்று ஓடியது. தலைக்கு மேல் ஃபேன் சுற்றியது. ஓவன் மட்டும் சில்லென்று இருந்தது.

"மாமா, ஓவன்ல கோளாறு. ஸ்குரூடிரைவர் இருக்கா?"

மாமனார் எடுத்துக் கொடுத்ததோடு நிற்காமல், டார்ச் பிடித்துக்கொண்டு பயபக்தியோடு பக்கத்தில் உட்கார்ந்தார். பார்க்க ஆள் இருந்தால் எனக்குக் கை நிற்காது. பிளக்கைப் பிடுங்கினேன் (அந்த மட்டும் புத்தி இருந்தது). பின்தகட்டைக் கழற்றினேன். சூடேற்றும் கம்பிகளை உருவிப் பார்த்தேன்; எல்லாம் நன்றாகவே இருந்தன. தெர்மோஸ்டாட்டிலிருந்து மெல்லிய செப்புக்குழாய் ஒன்று வளைந்து போனது. நேராக்கினேன். ஒடிந்தது.

"இதான் மாமா கோளாறு," என்றேன்.

"தொட்டதுமே கண்டுபுடிச்சிட்டீங்க மாப்ளே," என்றார்.

அப்போது தரை அதிர்ந்தது. கழற்றிய திருகாணிகள் தாமாக உருண்டன. வாசலுக்கு ஓடினேன்.

வீதியை அடைத்துக்கொண்டு தேர் வந்தது. அதுவரை தேரைத் தூரத்திலிருந்துதான் பார்த்திருக்கிறேன். பக்கத்தில், கோபுரமே எழுந்து நடந்து வருவதாகத் தெரிந்தது. வடம் நெடுகக் கைகள். என் உயரச் சக்கரம் முனகிக்கொண்டே ஒரு சுற்று சுற்றியது. இத்தனை பெரியது நம் வாசல் வழியாகப் போகிறதே என்று கண்ணில் நீர் வந்தது. கையெடுத்துக் கும்பிட்டேன் (நடுவில் ஸ்குரூடிரைவர்). நிமிர்ந்து கலசத்தைத் தேடியபோதுதான் கரண்ட் கம்பத்தைப் பார்த்தேன். தேருக்கு வழிவிட லைன்மேன்கள் ஒயர்களைக் கழற்றி வைத்திருந்தார்கள்.

"மாமா, கரண்ட் எப்போ போச்சு?"

"காலைலயே நிறுத்திட்டாங்க. தேர் நெலைக்குப் போனாதான் வரும்."

"ஃபேன் சுத்துதே?"

"அது இன்வெர்ட்டருபா. ஓவன் பிளக்குக்கு அதுல லைன் இல்ல."

"சொல்லியிருக்கலாமே மாமா?"

"நீங்க ஹீட்டர் கம்பெனி. கரண்ட் இல்லாம பாக்குற ரிப்பேரோ இன்னாவோன்னு டார்ச் புடிச்சிக்கினு இருந்தேன்."

பவித்ரா உள்ளே வந்து பார்த்தாள். முகம் சுண்டிவிட்டது. திட்டியிருந்தால் தேவலை. "பரவால்ல மாமா," என்றாள், அழுகையை விழுங்கிக்கொண்டு. பிறகு குக்கரில் உப்பைக் கொட்டி, அந்தச் சூட்டிலேயே கேக் வேகட்டும் என்று கேஸ் அடுப்பில் ஏற்றினாள். சின்ன குக்கர், கொஞ்சம் கொஞ்சமாகச் சுட்டு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். ஒடிந்ததைச் சரிசெய்யத் தெரியாத நான், அவள் கைகளையே வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தேரைப் பார்த்தபோது வந்த அதே மலைப்பு. கேக் எதிர்வீட்டுக்குப் போனது. தட்டு காலியாகத் திரும்பியது, அடுத்த ஆர்டரோடு.

இன்று பவித்ராவுக்குச் சொந்தமாக பேக்கரி இருக்கிறது. அங்கே ஓவன் பக்கம் போக எனக்கு அனுமதி இல்லை. மாமியார் வீட்டில் யார் எதற்கு அவசரப்பட்டாலும் சொல்ல ஒரே வாக்கியம்தான். என் மகள் பிறந்த அன்று, பொறுக்க முடியாமல் பிரசவ அறைக் கதவைத் தட்டப் போனேன். மாமனார் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

"தேர் போவட்டும் மாப்ளே."

உள்ளே வலியில் இருந்த என் மனைவிக்கும் அது கேட்டு, சிரித்துவிட்டாளாம். நர்ஸ் வெளியே வந்து எங்கள் இருவரையும் திட்டிவிட்டுப் போனார்.