பசி என்று தலைப்புப் போட்ட என் முகம்

பலாபத்வல,
மாத்தளை.
செவ்வாய்க்கிழமை.

அன்பின் மருமகன் ரிஸ்விக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹ். அல்லாஹ்வின் உதவியால் நாங்கள் இங்கே உயிரோடு இருக்கிறோம். கட்டாரில் உங்கள் சுகத்தை விசாரிப்பது முறை என்பதால் விசாரிக்கிறேன். பதில் அவசியம் இல்லை. நான்கு நாட்களாக நான் வட்ஸ்அப்பில் அனுப்பிய இருபத்திரண்டு குரல் செய்திகளில் ஒன்றையும் நீங்கள் கேட்கவில்லை. அதனால் சனிக்கிழமை டோஹாவுக்குப் போகிற நம் தெரு ரவூபின் கையில் இதைக் கொடுத்து, உங்கள் முன்னால் நின்று வாசிக்க வைத்துவிட்டு வரும்படி சொல்லப்போகிறேன். இதுவரை நீங்கள் என்று எழுதிவிட்டேன். என்னிடம் இருந்த மரியாதை அவ்வளவுதான். இனி நீ.

போன மாதம் லீவில் வந்தபோது கழுத்தில் ஒரு கெமராவைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்தாய். அதற்குள் கண்ணாடி கிடையாது, அதுதான் அதன் விசேஷம், அறுபத்தொரு மெகாபிக்சல் என்று சந்தியில் நின்று ஊருக்கே விளக்கினாய். சாப்பிடும்போதும் அதைக் கழற்றவில்லை. உன் மாமி றம்லா சோற்றுப் பீங்கானை வைத்துவிட்டு, "முதல்ல மடியில ஈக்கிற பிள்ளைக்கு ஊட்டுங்க மருமகன், பொறகு நீங்க தின்னலாம்" என்று சொன்னது ஞாபகம் இருக்கும். அன்றைக்கே அந்தக் கெமராவை வாங்கி நெல் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருக்க வேண்டும். விட்டது என் பிழை.

அன்று பின்னேரம் நான் வாசலில் மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தேன். மிளகு காயப்போடுகிற நாளில் இந்த மாத்தளையில் எந்த வியாபாரியும் நல்ல உடுப்புப் போடமாட்டான், கறை போகாது. அதனால் கிழிந்த பெனியன், ஓட்டைச் சாரம். எல்கடுவப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. மழை வந்தால் இரண்டு பாய் மிளகும் போச்சு என்று பதறிப்போய் வானத்தைப் பார்த்தேன். நீ அந்த நேரம் பார்த்து முழங்காலில் குந்தி டக்கென்று எடுத்தாய். நானும் தங்கச்சி மகன் ஆசைக்கு எடுக்கிறான் என்று விட்டேன். அதை நாற்பதாயிரம் பேர் இருக்கிற போட்டோக்காரர் குழுவில் போட்டு, மேலே 'பசி' என்று எழுதியிருக்கிறாயே, உனக்கு ஈமான் இருக்கிறதா? யாருக்குப் பசி? அன்று மத்தியானம் இறைச்சிக் கறியோடு மூன்று பீங்கான் சோறு தின்றவன் நான். பக்கத்தில் இருந்து போட்டி போட்டுத் தின்றவன் நீ.

போட்டது போகட்டும், அதன் கீழே நடந்திருக்கிற பேச்சை, இருநூற்றுப் பதினான்கு கொமெண்ட்டையும், மகள் நிஹ்லாவை வைத்து வாசித்தேன். சிங்களத்தில் இருந்ததை நானே வாசித்தேன், அது இன்னும் மோசம். ஒருவன் என் மூக்கு மயிரை எண்ணலாம் போல இருக்கிறது, என்ன லென்ஸ் என்று கேட்கிறான். நீ லென்ஸின் பெயரைச் சொல்கிறாய். பெற்ற பிள்ளையின் பெயரைக்கூட யாரும் அவ்வளவு ஆசையாகச் சொல்லமாட்டார்கள். இன்னொருவன் கறுப்பு வெள்ளையில் போட்டிருந்தால் இன்னும் அழுதிருப்பேன் என்கிறான். அழு, யார் வேண்டாம் என்றது. மூன்றாமவன் இடது காது படத்தைக் கெடுக்கிறது, வெட்டியிருக்கலாம் என்கிறான். நீ 'உண்மைதான் அண்ணா, அடுத்த முறை கவனிக்கிறேன்' என்று பதில் போட்டிருக்கிறாய். என் காதை வெட்டுவதற்கு அவன் யார், உத்தரவு கொடுப்பதற்கு நீ யார்?

படத்தில் என் முகமும் முன்னால் கிடந்த பாயும்தான் தெளிவு, பின்னால் இருந்ததெல்லாம் மங்கிப் போயிருக்கிறது. என் மாடி வீடு, புது லொறி, கடையின் பெயர்ப் பலகை ஒன்றும் தெரியவில்லை, எல்லாம் பால் கொட்டின மாதிரி இருக்கிறது. அதற்கு ஒரு பெயர் சொல்லிப் பாராட்டுகிறார்கள். அந்த மங்கலுக்குள் நம் மாடசாமி நிற்கிறார். இருபது வருஷமாக என் ஸ்டோரில் வேலை செய்கிற மனுஷன், அன்று கோயில் திருவிழாவுக்குப் போக வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையோடு லீவு கேட்க வந்திருந்தார். 'உழைப்பவனின் முதுகுக்குப் பின்னால் முகமில்லாமல் நிற்கும் முதலாளி' என்று ஒருவன் அவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறான். அதற்கு முந்நூறு லைக். மாடசாமி அதைப் பார்த்த நாளிலிருந்து என்னோடு பேசுகிற விதமே மாறிவிட்டது. நேற்று, "என்னங்க ஹாஜியார், சாப்டீங்களா, வேல ரொம்ப கஷ்டமா இருந்தா சொல்லுங்க" என்று கேட்டுவிட்டு ஸ்டோருக்குள் போய்ச் சிரிக்கிறார்.

போன சனிக்கிழமை கண்டியிலிருந்து இரண்டு பொடியன்கள் உலர் உணவுப் பொதியோடு வந்து, படத்தில் இருக்கிற ஐயா எங்கே என்று கடையிலேயே கேட்டார்கள். நான்தான் என்றேன். நம்பவில்லை. பெனியனோடு வந்து காட்டிய பிறகு, பொதியை என் கையில் வைத்து ஒரு செல்ஃபியும் எடுத்துக்கொண்டு போனார்கள். பிரித்துப் பார்த்தால் அரிசி, பருப்பு, சீனி, நூறு கிராம் மிளகுத்தூள். மிளகுத்தூள் என் கடைப் பக்கெட்.

இதையெல்லாம்கூட நான் பொறுத்துக்கொள்வேன் ரிஸ்வி. ஊர் சிரித்தால் நானும் சிரித்துவிட்டுப் போவேன். நிஹ்லாவுக்கு யட்டவத்தையில் ஒரு இடம் பேசிக்கொண்டிருப்பது உனக்குத் தெரியும். இரண்டு வருஷமாக வந்த இடத்தையெல்லாம் தலையாட்டித் தள்ளின பிள்ளை, இந்தப் பொடியனின் விவரம் வந்தபோது மட்டும், "ஒங்கட விருப்பம் வாப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அது அவள் விருப்பம் என்று எனக்கு விளங்காதா? இந்த வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. நேற்று தரகர் பஸீர் போன் எடுத்து, "ஹாஜியார், கோவிச்சிக் கொழுவ வாணாம், அவங்க அந்தப் போட்டோவப் பாத்துட்டாங்க. வெள்ளிக்கிழம வார பயணத்த நிப்பாட்டி ஈக்கிறாங்க. கொஞ்சம் யோசிக்கணுமாம்" என்றார். யோசிக்காமல் என்ன செய்வார்கள்? மொத்த வியாபாரி, ஹஜ் செய்தவர் என்று சொல்லிவிட்டு, பார்த்தால் பசியில் வானம் பார்க்கிற ஒரு கிழவன். நிஹ்லா தைக்கக் கொடுத்திருந்த புது உடுப்பை வாங்கி வந்து அலுமாரியின் அடியில் வைத்தாள். அதைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது. இதை நான் உன் மாமிக்கும் சொல்லவில்லை, உனக்குச் சொல்கிறேன், உனக்கு உறைக்க வேண்டும் என்பதற்காக.

ஆகவே நீ செய்யவேண்டியது இதுதான். இந்தக் கடிதம் கிடைத்த அன்றே அந்தப் படத்தைக் குழுவிலிருந்து எடுத்துவிடு. அன்று நீ எடுத்த மற்றப் படம் ஒன்று இருக்கிறது, வீடு, லொறி, பலகை, பாய் எல்லாம் பளிச்சென்று தெரிகிற படம். அதை அதே குழுவில் போட்டு, 'அல்ஹாஜ் பதுர்தீன், மிளகு கராம்பு மொத்த வியாபாரி' என்று பெரிய எழுத்தில் எழுது. மாடசாமிக்கும் கீழே பெயர் போடு. செய்யாவிட்டால் அடுத்த லீவுக்கு இந்தப் பக்கம் வராதே. உன் உம்மா என் கூடப்பிறந்த தங்கச்சிதான், அதற்காகக் கதவு திறக்கமாட்டேன்.

உன் உம்மாவுக்கு ஸலாம். உனக்கு அல்லாஹ் நல்ல புத்தியையும், அந்தக் கெமராவுக்குச் சீக்கிரம் ஒரு பழுதையும் கொடுக்க துஆ செய்கிற,

உன் மாமா,
அல்ஹாஜ் எம். பதுர்தீன்.

பி.கு.: வெள்ளிக்கிழமை பின்னேரம் எழுதுகிறேன். மேலே எழுதியதை வாசிக்க வேண்டாம் மருமகன், ரவூபிடமும் சொல்லிவிட்டேன். மாப்பிள்ளை வீட்டார் சொல்லாமல் கொள்ளாமல் அஸர் தொழுகைக்குப் பிறகு வந்துவிட்டார்கள். அவர்கள் யோசித்தது என் பெனியனைப் பற்றி அல்லவாம். மாப்பிள்ளையின் உம்மா யட்டவத்தையில் மூன்று ஏக்கர் மிளகுத் தோட்டத்தைத் தனியாகப் பார்க்கிறவர். டவுன் வியாபாரி வீட்டுச் சம்பந்தம் என்றதும், மிளகில் பப்பாசி விதை கலக்கிற ஆட்களோ என்று பயந்திருக்கிறார். உங்கள் படம் கிடைத்ததும் மகனைக் கொம்பியூட்டருக்கு முன்னால் இருத்தி, பாயில் கிடந்த மிளகை மணி மணியாகப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறார். அதற்கு மூன்று நாள் எடுத்ததாம். "காம்பு இல்ல, கல்லு இல்ல, ஒரு பப்பாசி வெத இல்ல. இப்பிடி மொளகு காயப்போடுற மனுஷன்ட வீட்டுல பொண்ணு எடுக்க எனக்கு வேற ஒண்ணும் தேவல்ல" என்று சொல்லி, அந்த இடத்திலேயே நிஹ்லாவின் கையைப் பிடித்துக்கொண்டார். நிஹ்லா புது உடுப்புப் போட்டிருந்தாள். நிக்காஹுக்கு நீங்கள்தான் படம் பிடிக்க வேண்டுமாம்.

ஆகவே படம் இருந்த இடத்திலேயே இருக்கட்டும், தலைப்பும் இருக்கட்டும். எல்லாம் பளிச்சென்று தெரிகிற மற்றப் படத்தை மட்டும் தயவுசெய்து யாருக்கும் காட்டவேண்டாம். 'பசி' படத்தில் பின்னால் இருக்கிற இரண்டாவது பாயின் நடுவில் மங்கலாக ஒன்று தெரிகிறதல்லவா, அதை அந்த உம்மா விரலால் தொட்டு என்னவென்று கேட்டார். கூடை என்று சொல்லிவிட்டேன். அது உங்கள் மாமியின் கோழி என்பதும், பாய் மேல் ஏறி நின்று அது என்ன செய்துகொண்டிருந்தது என்பதும் நம் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும்.