முட்டையிலேயே மேதை

ஒரு காட்டில், மூங்கில் புதருக்கு அடியில், சிலம்பாயி என்றொரு காட்டுக்கோழி ஒற்றை முட்டையை அடைகாத்துக்கொண்டிருந்தாள். போன தடவை பொரித்த ஆறு குஞ்சுகளையும் பருந்து தூக்கிக்கொண்டு போய்விட்டது. ஆறில் ஒன்றுக்குக்கூட மேலே நிமிர்ந்து பார்க்கத் தோன்றவில்லை. இதாவது புத்திசாலியாகப் பிறக்காதா என்று அவளுக்கு ஏக்கமான ஏக்கம்.

அந்தக் காட்டில் நரியார் ஒருவர் ‘முட்டையிலேயே மேதை’ என்று வகுப்பு நடத்தினார். முட்டையைத் தின்னத்தான் என்று நினைப்பீர்கள். அதெல்லாம் அந்தக் காலம். தின்றால் ஒரு வேளைக்குத்தான் வரும். வகுப்பு எடுத்தால் வருஷம் முழுக்க வரும்.

சிலம்பாயி நான்கு பக்க விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தாள்.

“இருபத்தொரு நாளும் காலையிலிருந்து சாயங்காலம் வரை வகுப்பு. ஒரு நாள் விட்டாலும் சான்றிதழ் கிடையாது” என்றார் நரியார். “முட்டையை உள்ளே கொண்டுவரக் கூடாது. கவனம் சிதறும்.”

வீட்டுக்காரன் கொண்டையனிடம் ஒரு செல்போனைக் கொடுத்தாள். “ஏங்க, முட்டை ஆறிடாம பார்த்துக்குங்க. இதுல வாய்ப்பாடு இருக்கு, போட்டு விடுங்க.”

சேவல் அடைகாத்து அந்தக் காடு பார்த்ததில்லை. சிரிக்காத குரங்கில்லை. கொண்டையனுக்கு மானம் போனது, ஆனாலும் எழுந்திருக்கவில்லை. முட்டை அவள் வயிற்றில் இருந்தபோதே கறையான் புற்றாகத் தேடிக் கிளறி ஊட்டியவன் அவன்.

குஞ்சு பொரிந்தது. சான்றிதழும் வந்தது. மழலை வகுப்புச் சேர்க்கைக்கு நரியாரே நேர்முகத் தேர்வு வைத்தார். மற்ற குஞ்சுகள் ஏழாம் வாய்ப்பாடு ஒப்பித்தன. சிலம்பாயியின் குஞ்சு வாயே திறக்கவில்லை.

அப்போது தரையில் ஒரு நிழல் ஓடியது. அவள் குஞ்சு சட்டென்று சருகுக்கடியில் புகுந்து மூச்சடக்கியது. மற்றவை வாய்ப்பாட்டை முடித்துவிட்டுத்தான் ஓடின. நல்லவேளை, பருந்துக்கு அன்று பசியில்லை.

“பார்த்தீர்களா, எங்கள் பயிற்சி” என்றார் நரியார். அன்று சாயங்காலமே மரத்துக்கு மரம் அந்தக் குஞ்சின் படம் தொங்கியது.

வீட்டுக்கு வந்ததும் சிலம்பாயி கேட்டாள். “எத்தனாவது வாய்ப்பாடுங்க போட்டீங்க?”

“அதைப் போடத் தெரியல. சும்மா பேசிக்கிட்டிருந்தேன். இது மழைச் சத்தம், அது பருந்து, சருகுக்குள்ள போயிடணும்னு.”

சிலம்பாயி குஞ்சை இறக்கைக்குள் இழுத்துக்கொண்டாள். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

“இதை நரியார்கிட்ட சொல்லிடாதீங்க” என்றாள். “சான்றிதழைப் பிடுங்கிடுவார்.”

நீதி: முட்டைக்குள் இருக்கும்போதே பயிற்சி மிக அவசியம். அம்மா வகுப்புக்குப் போனால்தான் அப்பா அடைகாப்பார்.