பாதி மாலையும் முழுப் புகாரும்

அரசுப் பண்டகசாலைகளில் ஆண்டுக்கு ஒருமுறை பொருள்களை நேரில் எண்ணிப் பதிவேட்டுடன் ஒப்பிட வேண்டும். குறைந்தால், கூச்சல் போடுவதற்கு முன் பழைய கோப்பில் அதற்கு விளக்கம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்த விதியை முப்பது வருடம் பிறருக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். ஓய்வுபெற்ற மறு வருடம் அதன் முதல் வாக்கியம் மட்டுமே நினைவில் நின்றது.

கேசரி, பஜ்ஜி என்று பெண் பார்க்க யாரும் வீட்டுக்கு வரக்கூடாது என்று என் மகள் வித்யா சொல்லிவிட்டாள். (பையனை அவளுக்கு ஏற்கெனவே பிடித்திருந்தது. அவன் அம்மாவுக்கு எங்களைப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான்.) அதனால் டெல்லியில் ஓர் அருங்காட்சியகத்தில் சந்திப்பதாக ஏற்பாடு. டெல்லியிலேயே துவாரகா பகுதியிலிருந்து பையனும் அம்மாவும் மெட்ரோவில் வந்தார்கள். அந்த அம்மாள் பள்ளியில் சரித்திரம் கற்பித்தவர் என்று கேள்விப்பட்டு, நானும் சளைத்தவனல்ல என்று காட்ட, மொகஞ்சதாரோ தங்க நகைகளின் பழைய படம் ஒன்றை ஜெராக்ஸ் எடுத்துப் போயிருந்தேன்.

கண்ணாடிப் பெட்டிக்குள் பச்சைக்கல் மணிகளும் தங்க வில்லைகளும் கோத்த மாலை. நாலாயிரம் வருடத்துக்கும் மேல் பழையது. எல்லோரும் ரசித்தார்கள். நான் எண்ணினேன். படத்தில் இருந்ததில் பாதிதான் இருந்தது.

காவலரைக் கூப்பிட்டு, மீதி எங்கே என்று கேட்டேன்.

"ஷுரூ ஸே இத்னா ஹீ ஹை, சார்ஜி" என்றார். ஆரம்பத்திலிருந்தே இவ்வளவுதானாம். (எல்லாத் திருட்டிலும் முதலில் சொல்வது இதுதான்.)

மேற்பார்வையாளரை வரவழைத்து, நின்றவாறே புகார் எழுதி, நகலில் அவர் கையொப்பமும் வாங்கினேன். பையைச் சோதிக்காமல் யாரையும் வெளியே விடுவது முறையல்ல என்றும் எடுத்துச் சொன்னேன். அவர் பெரியவர் சொல்லுக்குக் கட்டுப்பட்ட மனிதர். வாசலுக்கு அருகில் நின்றவரிடமிருந்தே ஆரம்பித்தார். அது பையனின் அம்மா.

கைப்பையிலிருந்து மூக்குக்கண்ணாடி வந்தது, மாத்திரை வந்தது, பிறகு ஒரு டிபன் டப்பா.

"தேங்காய் பர்ஃபி. பேச்சு நல்லபடியா முடிஞ்சா குடுக்கலாம்னு கொண்டுவந்தேன்" என்றவர், மூடியை அழுத்திப் பைக்குள் திரும்ப வைத்தார். "மாலை திருடு போகல சார். பாகப்பிரிவினை. நாடு பிரிஞ்சப்போ மேஜை நாற்காலியோட இதையும் ரெண்டாக்கி, பாதியப் பாகிஸ்தானுக்குக் குடுத்தாங்க. சர்க்கார் பண்ணினதுதான். உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன்."

"அப்பா, ப்ளீஸ். பஸ் கரோ" என்றாள் வித்யா. போதும் நிறுத்து என்று பொருள். அதன்பின் வீடு வரை அவள் பேசவில்லை. மனைவி பேசினாள்.

"பஜ்ஜி போட்டிருந்தா, மிஞ்சிப்போனா எண்ணெய் காறியிருக்கும்."

மறுநாளே அந்த அம்மாளுக்கு மன்னிப்புக் கடிதம் எழுதினேன். பொருள், பார்வை எல்லாம் போட்டு, ஒப்புகை அட்டையுடன், பதிவுத் தபாலில். ஒப்புகை வந்தது, பதில் வரவில்லை. வாரங்கள் போயின. வித்யா என்னிடம் "ம்" என்பதோடு நிறுத்திக்கொண்டாள். நினைவூட்டல் கடிதம் எழுத உட்கார்ந்தபோது மனைவி பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள்.

பிறகு ஒரு நாள் பதில் வந்தது. "பொருள்: தங்கள் மகள். தங்கள் கடிதம் பரிசீலிக்கப்பட்டது. பெண்ணை முழு மனதோடு ஏற்கிறோம். தந்தையைப் பற்றிய முடிவு பின்னர் தெரிவிக்கப்படும்."

கல்யாணமாகிப் பேத்தியும் பிறந்துவிட்டாள். முடிவு இன்னும் தெரிவிக்கப்படவில்லை. சம்பந்தியம்மா எங்கள் வீட்டிலிருந்து கிளம்பும்போதெல்லாம், "சார், செக் பண்ணிடுங்க" என்று கைப்பையைத் திறந்து நீட்டுகிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள். அவருடைய கடிதத்தைக் கோப்பில் வைத்திருக்கிறேன். பெறப்பட்ட நாள்: மார்ச் 31, ஆண்டுக் கணக்கு முடிக்கும் நாள்.