ஹீரோ அண்ணையின் இடக் கன்னம்

பாரிஸின் லா சப்பல் முழுவதிலும், வெங்காயம் உரிக்கும்போதுகூட முகத்தின் இடப்பக்கத்தை மட்டும் உலகுக்குக் காட்டிய ஒரே மனிதர் ஹீரோ அண்ணைதான். வலப்பக்கம் ரசிகர்களுக்குப் பழக்கமில்லையாம்.

பிலிப்பைன்ஸ்காரர். எண்பதுகளில் எங்கள் வீட்டுக்குக் கீழேயிருந்த யாழ்ப்பாணச் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினார். தமிழையும் அங்கேதான் பிடித்துக்கொண்டார். மணிலாத் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவரை ஒரு இயக்குநர் கண்டு நாயகனாக்கினாராம். திரையில் அவர் மழையில் பாடினால், பகல் காட்சிக்கு வந்த பெண்கள் தியேட்டருக்குள்ளேயே குடை விரிப்பார்களாம்.

"பிறகேன் விட்டனீங்கள், அண்ணை?"

"நாயகியின்ரை அப்பாவா நடிக்கக் கேட்டாங்கள், தங்கச்சி. அண்டைக்கே கப்பல் ஏறிட்டன்."

நான் நம்பினேனா? சுடுநீர் ஆவிக்கு நடுவே அவர் கண்ணை மூடிப் பாடும்போது நம்பினேன். படியேறி வீட்டுக்கு வந்ததும் சந்தேகப்பட்டேன்.

ஒருநாள் மத்தியானம் என் எட்டு மாத மகளைப் பக்கத்துப் படக்கடைக்குப் படமெடுக்கக் கொண்டுபோனேன். மறுநாள் பிரெஃபெக்சூர் என்ற அரசாங்கக் கந்தோரில் படம் கொடுக்காவிட்டால் எங்கள் வதிவிடப் பத்திரத்தில் அவள் பெயர் ஏறாது. படக்கடைக்காரர் பாண்டிச்சேரிக்காரர். பிள்ளையின் கன்னத்தில் நான் வைத்திருந்த பெரிய கரும்பொட்டைப் பார்த்தார்.

"இத அழிச்சிடுங்கம்மா. மூஞ்சி முழுசா தெரியலன்னா வாங்க மாட்டாங்க."

அழித்தால் நாவூறு பட்டுவிடும். அழிக்காவிட்டால் பத்திரம் போய்விடும். நல்ல தாய் எதைச் செய்வாள்? துடைக்க லேஞ்சியை எடுத்தேன், மடித்து வைத்தேன், மறுபடி எடுத்தேன். பிள்ளை அழத் தொடங்கியது, நானும் தயாரானேன்.

தெருவிலிருந்து கண்ணாடி வழியே இதைப் பார்த்துக்கொண்டிருந்த ஹீரோ அண்ணை ஈரக் கையோடு உள்ளே வந்தார். அவளுடைய பொட்டை விரலால் வழித்து, ஒரு தூசு படவிடாத தன் இடக் கன்னத்தில் அப்பிக்கொண்டார்.

"எல்லாக் கண்ணும் இஞ்சை வரட்டும், தங்கச்சி. மணிலா முழுக்கப் பாத்த முகம். தாங்கும்."

பிறகு விளக்கைச் சற்றுத் தாழ்த்தச் சொல்லி, கமராவுக்குப் பக்கத்தில் நின்று மெல்லப் பாடினார். மகள் அழ மறந்தாள். படக்கடைக்காரர் பொத்தானை அழுத்த மறந்தார்.

"படத்தை எடுங்கோ ஐயா!" என்று நான்தான் கத்தினேன்.

அன்று முழுவதும் அந்தப் பொட்டோடேயே கோப்பை கழுவினாராம். மறுநாள் கந்தோர்ப் பெண் படத்தைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு முத்திரை குத்தினாள்.

மிஞ்சிய பிரதி என்னிடம் இருக்கிறது. மகள் நேரே பார்க்கவில்லை. சற்றே பக்கவாட்டில், வாய் பிளந்து, படத்தில் இல்லாத யாரையோ பார்க்கிறாள். ஹீரோ அண்ணையின் படம் என்று என்னிடம் இருப்பது அது ஒன்றுதான்.