ஏழு சர்டிபிகேட்டும் ஒரு கட்டிலும்

திருடனைப் பிடிப்பதற்கு அவ்வளவு படித்த ஒருவன் பாறசாலை தொடங்கி நெய்யாற்றின்கரை வரைக்கும் அவனுக்கு முன்னால் பிறக்கவில்லை, இனிப் பிறக்கப் போவதும் இல்லை. தன் ஆயுளில் ஒரு திருடனைக்கூட அவன் நேரில் பார்த்ததில்லை என்பது வேறு காரியம்.

அவனுக்குப் பெயர் ஒன்று உண்டு. ஊரில் யாரும் அதைச் சொல்லி அழைத்ததில்லை. செக்யூரிட்டி வேலைக்கு ஆட்களைப் பழக்கும் பள்ளியில் முதல் சர்டிபிகேட் வாங்கி வந்த அன்று "ஒண்ணு" என்று அழைக்கத் தொடங்கினார்கள். தீயணைக்கும் படிப்பு முடிந்ததும் "ரெண்டு" ஆனான். முதலுதவி படித்ததும் "மூணு". பை சோதிக்க ஒரு படிப்பு, கூட்டத்தை அடக்க ஒரு படிப்பு, கேமரா பார்க்க ஒரு படிப்பு என்று போய், கடைசியில் சூப்பர்வைசர் படிப்போடு "ஏழு" என்று நின்றது. பெயரில் மட்டும் பதவி உயர்வு வாங்கிய மனிதன் அவன். வேலையில் வாங்க முடியவில்லை, வேலை கிடைத்தால்தானே.

பாறசாலையில் பழைய கொப்பரைக் கிட்டங்கி ஒன்றில் அந்தப் பள்ளி நடக்கிறது. அதைப் பெருக்கித் துடைத்து, சாயா போட்டுக் கொடுப்பது என் வேலை. சாவி என் இடுப்பில் இருக்கும். மூன்றாம் வகுப்போடு நின்றவள்தான் நான், எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். ஆனால் தங்கம்மை ஒரு பொய் சொன்னாள் என்று எங்கள் சபையில் ஒரு ஆள் சொல்லட்டும், பார்க்கலாம்.

காவலுக்கு ஆள் பழக்கும் அந்தப் பள்ளிக்கு ஒரு காவலாளி கிடையாது. அந்தக் குறையை அவன் தானாகவே ஏற்றுக்கொண்டான். வகுப்பு இல்லாத நாளிலும் காக்கிச் சட்டை, விசில், நீளமான ஒரு நோட்டுப் புத்தகம் எல்லாம் எடுத்துக்கொண்டு வந்து கேட்டில் நிற்பான். தினமும் காலையில் எனக்கும் அவனுக்கும் அங்கேதான் சண்டை.

"தங்கம்மக்கா, பேரு எழுதுங்கோ. வந்த நேரம், வந்த காரியம்."

"எலே, சாவி என் கையிலெ இருக்கு. நான் தொறந்தாத்தான் நீயே உள்ளெ போவ முடியும்."

"சாவி வச்சிருக்கியவங்களெத்தான் மொதல்லெ எழுதணும். ஆறாவது பாடத்திலெ உண்டு ஆக்கும்."

என் பெயரில் ஐந்து எழுத்து. ஒவ்வொன்றையும் நான் நிறுத்தி, நிதானித்துத்தான் எழுதுவேன். அதற்குள் பின்னால் பத்துப் பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். நான் முடித்த பிறகு அவன் கடிகாரத்தைப் பார்த்து "எட்டு பத்து" என்று குறிப்பான்.

"நான் எட்டுக்கே வந்தேம்லே!"

"எழுதி முடிச்சது எட்டு பத்து."

எங்கள் இருவருக்கும் குளத்தூரில் அடுத்தடுத்த வீடு. அவன் "ரெண்டு" ஆன வாரத்தில் என் வீட்டுப் பின்புறம் புகை கண்டு ஓடி வந்தான். விறகு ஈரம், அடுப்பு புகைந்தது, அவ்வளவுதான். ஒரு வாளி மணலை அடுப்பின் மேல் கொட்டிவிட்டு மூச்சு வாங்க நின்றான். "தீ பல வகை உண்டு அக்கா. இது மொதல் வகை." நான் சொன்னேன், "இது கஞ்சிடே, பாவி!" கஞ்சி எந்த வகை என்று அவன் பாடத்தில் இல்லை போலிருக்கிறது, வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

கூட்டத்தை அடக்கும் படிப்பு முடிந்த கையோடு அவன் மனைவி செல்வியின் தம்பி மகளுக்குப் பெருங்கடவிளையில் கல்யாணம் வந்தது. மண்டப வாசலில் மேசை போட்டு உட்கார்ந்துவிட்டான். வந்த காரியம் என்ற கட்டத்தில் நேர்மையானவர்கள் "சோறு" என்று எழுதிவிட்டு உள்ளே போனார்கள். காட்டாக்கடையிலிருந்து மாப்பிள்ளை வந்து இறங்கினான். அடையாள அட்டை இல்லை.

"ஞானாணு செறுக்கன்!" மாப்பிள்ளை தான்தான் என்று அவன் கத்துகிறான்.

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவினும்."

உள்ளே போதகர் ஒரே பாட்டை மூன்று தடவை பாட வைத்தார். கடைசியில் மாப்பிள்ளை பேனாவை வாங்கி, வந்த காரியம் "கல்யாணம்" என்று எழுதிய பிறகுதான் அவனுக்குப் பெண் கிடைத்தது. சாயங்காலம் பெண்ணும் மாப்பிள்ளையும் காரில் புறப்பட்டபோது பின்னால் விசில் ஊதிக்கொண்டு ஓடினான். "போன நேரம் எழுதல்லெ! போன நேரம்!" செல்வி முகத்தை மூடிக்கொண்டாள்.

செல்வி அண்டியாபீசுக்கு, அதாவது முந்திரித் தொழிற்சாலைக்குப் போகிறவள். நாள் முழுக்கக் குந்தியிருந்து அவள் முட்டு இரண்டும் போய்விட்டது. அப்படியிருக்கும்போதுதான் நெய்யாற்றின்கரையில் புதிதாகத் திறந்த ஒரு ஆஸ்பத்திரியில் கேமரா அறைக்கு ஆள் எடுத்தார்கள். ஏழு சர்டிபிகேட்டையும் கொண்டுபோய்ப் பரப்பினான், மேசை போதவில்லை. வேலை உனக்குத்தான், இன்னும் ஒரே ஒரு கடலாசு வேண்டும் என்றார்கள். இவன் மேல் கெட்ட பெயர் ஒன்றும் இல்லை என்று போலீஸ் எழுதித் தர வேண்டும். மாதம் முடியுமுன் கொண்டுவர வேண்டும்.

"இது மட்டும் கிட்டினா போதும் அக்கா, நான் முட்டெ மடக்காண்டாம்," என்றாள் செல்வி.

அவர்கள் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். முன்னறை முடிகிற இடத்தில் எல்லைக் கல் நிற்கிறது. கல்லுக்கு இந்தப் பக்கம் கேரளம். அடுக்களையைப் பிறகு கட்டியபோது இடமில்லாமல் கல்லைத் தாண்டிக் கட்டிவிட்டார்கள். அது தமிழ்நாடு. ஒருவரும் அதைக் கணக்காக்கியதில்லை. மழைக்கு ஒழுகாதது முன்னறை மட்டும்தான். அதன் சுவரில் சர்டிபிகேட்டுகளைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தான். ஆள் உறங்கினால் மூச்சுக்காற்று பட்டுப் பூசணம் பிடிக்கும் என்று கட்டிலை அடுக்களைக்கு மாற்றிவிட்டான். ஆக, சர்டிபிகேட்டுகள் கேரளத்தில் நனையாமல் குடியிருந்தன. அவன் தமிழ்நாட்டில் நனைந்துகொண்டு உறங்கினான்.

பாறசாலை ஸ்டேஷனில் கடலாசுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, விசாரிக்கப் போலீஸ் வருவதற்கு முந்தின நாள் என்னிடம் வந்தான்.

"அக்கா, கட்டிலெ முன்னறைக்கு மாத்தியாச்சு. அக்கம்பக்கத்திலெ கேப்பாங்க. முன்னறையிலெ ஒறங்குதான்னு ஒரு வாக்கு சொன்னா போரும்."

"நான் பொய் சொல்ல மாட்டேன் மக்கா."

"பொய் இல்ல அக்கா. இண்ணு அங்கெதான் ஒறங்கப் போறேன்."

சொன்னபடி அன்று அவன் முன்னறையில்தான் உறங்கினான்.

மறுநாள் ஒரு சின்ன வயது போலீஸ்காரர் வந்தார். கட்டிலைப் பார்த்தார், சர்டிபிகேட்டுகளைப் பார்த்தார், பிறகு என் முற்றத்துக்கு வந்தார். ஏழு அவர் பின்னால் விறைப்பாக நின்றான்.

"அம்மச்சி, இயாளு எவிடெயா ஒறங்ஙுந்நது?"

அவன் எங்கே உறங்குகிறான் என்று கேள்வி. நான் தலையை நிமிர்த்திச் சொன்னேன், "அடுக்களையிலெ. பத்து வருசமா அங்கெதான்." அதோடு நிறுத்தியிருக்கலாம். "தங்கம்மெ பொய் சொல்ல மாட்டா ஸாரே" என்று வேறு சேர்த்துக்கொண்டேன்.

போலீஸ்காரர் கல்லைப் பார்த்தார், அடுக்களையைப் பார்த்தார், புத்தகத்தை மூடினார். உறங்குவது அந்தப் பக்கம் என்றால் கடலாசும் அந்தப் பக்கத்து ஸ்டேஷனில்தான் என்றார். அந்தப் பக்கத்தில் போனால், ரேஷன் கார்டும் ஓட்டும் கேரளத்தில், இங்கே ஏன் வந்தாய் என்று கேட்டார்கள். இங்கும் அங்கும் அவன் நடந்து தீருமுன் மாதம் தீர்ந்தது. ஆஸ்பத்திரியில் வேறு ஒருவனை வைத்தார்கள். அவனிடம் இருந்தது இரண்டு சர்டிபிகேட்.

மறுநாள் காலையில் ஏழு வழக்கம்போல் கேட்டில் நின்றான். "தங்கம்மக்கா, பேரு எழுதுங்கோ." அவன் என்னை நாலு வார்த்தை ஏசியிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

"எலே, எம்மேலெ கோவம் உண்டா?"

"சாட்சி சொல்லுகவங்க உள்ளதெத்தான் சொல்லணும் அக்கா. மூணாவது பாடம்."

கட்டில் திரும்ப அடுக்களைக்குப் போனது. செல்வி சுவரைப் பிடித்துக்கொண்டு அண்டியாபீசுக்குப் போவாள். என் வீட்டைக் கடக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

வைகாசி பாதியில் தொடங்கும் அந்த இடவப்பாதி மழையில் அவன் நெஞ்சில் சளி கட்டியது. அதே ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோனார்கள். நான் பார்க்கப் போனேன். வாசலில் நின்ற பையன் எங்கள் பள்ளியில் படித்தவன், என்னைத் தெரிந்து உள்ளே விட்டுவிட்டான். அதை இவனிடம் சொன்னதும் மூக்கில் வைத்திருந்த ஆக்சிஜன் மூடியைக் கழற்றிவிட்டு எழும்பப் பார்த்தான்.

"பேரு எழுதாமெயா விட்டான்? நான் நிண்ணா விடுவேனா அக்கா?"

என்னோடு அவன் பேசியது அதுதான் கடைசி. மூன்றாம் நாள் போய்விட்டான்.

இப்போது பள்ளி கேட்டில் யாரும் நிற்பதில்லை. பிள்ளைகள் பாட்டுக்கு வருகிறார்கள், போகிறார்கள். அந்த நீள நோட்டு மட்டும் ஜன்னல் படியில் கிடக்கிறது. ஊரில் யாரும் அழைக்காத அவன் பெயரைச் செல்வியிடம் போய் ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டுப் படித்துக்கொண்டேன். போலீஸ் வந்து போன பிறகு அவள் என்னோடு பேசியது அதற்கு மட்டும்தான்.

காலையில் பூட்டைத் திறந்ததும், என் பெயருக்கு மேலே அவன் பெயரை எழுதுகிறேன். வந்த நேரம், எட்டு. வந்த காரியம், வேலை. போன நேரத்துக்கான கட்டத்தை அப்படியே விட்டுவிடுகிறேன். பொய்தான், எனக்குத் தெரியும். அதை எழுதிவிட்டுத்தான் பெருக்குவதற்கு வாரியலைக் கையில் எடுக்கிறேன்.