பத்து நொடியில் ஒரு கயிறு

காலில் கட்டியிருந்த கத்தியை எடுக்கக் குனிந்த பான் ஜின்மோ, தலைகீழாக மேலே வந்துகொண்டிருந்தான்.

கடல் ஐந்து டிகிரி. தண்ணீர் புகாத உடை. குனிந்ததும் உடைக்குள் இருந்த காற்றெல்லாம் கால் பக்கம் ஓடிவிட்டது. அயாஜின் துறைமுக மேடையில் நின்றவர்களுக்கு முதலில் தரிசனம் தந்தவை அவன் காலில் மாட்டியிருந்த இரண்டு ரப்பர் துடுப்புகள்.

"தம்பி வந்தாச்சு," என்றார் படகுக்காரர் ஹோ. "இந்த வாரம் கால் முதல்ல வந்திருக்கு."

"கயிறு?" என்று கேட்டார் தாக் அம்மா. டைவிங் கிளப்பின் தலைவி, ஓய்வு பெற்ற விளையாட்டு ஆசிரியை. நிறுத்துக் கடிகாரத்தைக் கழுத்தில் மாட்டியபடியேதான் தூங்குவார் என்று பேச்சு.

"கயிறு நல்லா இருக்கு, தலைவரம்மா. ஒரு கீறல் இல்ல."

கிளப்பின் விதி எளிமையானது. மேடைக்கு அடியில், மூன்று மீட்டர் ஆழத்தில், ஓர் இரும்புச் சட்டம். அதில் ஹோ ஒரு கயிறு கட்டி வைப்பார். தடித்த கையுறை போட்ட கையால் கருவியை உருவி, பத்து நொடிக்குள் கயிற்றை அறுக்க வேண்டும். அறுத்தவர்கள் படகேறிப் போய், மூழ்கிக் கிடக்கும் பழைய சரக்குக் கப்பலைப் பார்க்க இறங்கலாம். கப்பலைச் சுற்றிக் கிழிந்த வலைகள் தொங்குவதால் இந்த ஏற்பாடு. அறுக்காதவர் படகிலேயே உட்கார்ந்து, குளிரில் நடுங்கி ஏறிவருகிறவர்களுக்கு ராம்யொன் நூடுல்ஸ் சமைக்க வேண்டும்.

மற்ற ஆறு பேரும் முதல் சனிக்கிழமையே அறுத்துவிட்டார்கள். ஜின்மோ இரண்டு சனிக்கிழமையாகச் சமைத்துக்கொண்டிருந்தான்.

அதற்காக அவன் மனம் தளர்ந்துவிடவில்லை. சொக்சோவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். குறை மனிதனிடம் இல்லை, சாமானில்தான் இருக்கிறது என்று தினமும் நாற்பது பேருக்குச் சொல்கிறவன்.

"கத்தி காலில் இருக்கக் கூடாது அண்ணே," என்று நூடுல்ஸைக் கிளறிக்கொண்டே ஹோவுக்கு விளக்கினான். "நெஞ்சில் இருக்கணும். சின்னதா இருக்கணும். கொக்கி மாதிரி. உள்ளே பிளேடு. இழுத்தா முடிஞ்சது."

"ரொம்ப சரி தம்பி. முட்டையைக் கடைசியில் போடுறியா?"

"கடைசியிலதான். வெங்காயத்தாளுக்கு அப்புறம்."

மூன்றாவது சனிக்கிழமை கொக்கியோடு இறங்கினான். ஏழு மில்லிமீட்டர் ரப்பருக்குள் இருந்த விரல்களுக்குக் கொக்கி எது, மார்புப் பட்டையின் வளையம் எது என்று தெரியவில்லை. ஒன்பது நொடி வளையத்தை இழுத்தான். பத்தாவது நொடியில் கொக்கி கிடைத்தது. கயிற்றில் மாட்டி இழுத்தான். பாதி வரை போய் நின்றுவிட்டது.

அன்றைக்கு ராம்யொனில் சிப்பியும் போட்டிருந்தான். கிண்ணங்களில் ஒரு சொட்டு மிச்சம் இல்லை.

"மனசு விடாதே," என்றார் தாக் அம்மா, கிண்ணத்தைச் சாய்த்துக் குடித்தபடி. "அடுத்த வாரம் பார்த்துக்கலாம். இன்னும் கொஞ்சம் சாறு இருக்கா?"

நான்காவது வாரம், ஆஸ்பத்திரியில் கட்டுப் பிரிக்கிற கத்தரிக்கோல். தடித்த விரல் அதன் வளையத்துக்குள் நுழையவில்லை. எனவே கையுறையை மாற்றினான். மெல்லிய கையுறைக்குள் விரல் உறைந்தது. உறைந்த விரல் கத்தரிக்கோலைக் கடலுக்குத் தானம் செய்தது.

ஐந்தாவது வாரம், எதுவும் விழக் கூடாது என்று கத்தி, கொக்கி, புதுக் கத்தரிக்கோல், உபரியாக இன்னொரு கத்தி என நான்கையும் நான்கு நூல்களில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டான். இறங்கிய நான்காவது நொடியில் நூல்கள் அவனையும் சட்டத்தையும் சேர்த்துக் கட்டிவிட்டன. தாக் அம்மா இறங்கி வந்து, கட்டைவிரல் அளவு கத்தி ஒன்றால் சரக், சரக் என்று அறுத்து விடுவித்தார்.

"பார்த்தீங்களா?" என்றான் மேலே வந்ததும், பல் தந்தியடிக்க. "சாமான் சரியா இருந்தா ஒரு நொடி வேலை."

"அதான் நானும் சொல்றேன்," என்றார் ஹோ. "அடுப்பைப் பத்த வைக்கட்டுமா?"

ஆறாவது வாரம்தான் கடைசி. அதை விட்டால் கப்பல் அடுத்த குளிர்காலத்துக்குத்தான். கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் அந்தக் கப்பலைப் பற்றி அவன் பேசியாயிற்று. பார்த்தேன் என்று மட்டும் இன்னும் சொல்லவில்லை. நாக்கு நுனியில் நின்றது.

வெள்ளிக்கிழமை நண்டுக் கடையில் சாப்பிட உட்கார்ந்தவன், பரிமாற வந்த அம்மாளின் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். பருத்திக் கையுறை, அதன் மேல் ரப்பர் கையுறை. அந்தக் கையில், வளையம் அகன்ற ஒரு கத்தரிக்கோல். கண் தொலைக்காட்சித் தொடரில். கை அது பாட்டுக்கு நண்டுக்கால்களை அரிந்து தள்ளிக்கொண்டிருந்தது.

"சித்தி, அந்தக் கத்தரிக்கோல் எனக்கு வேணும்."

"ஏன், நான் அரியறது பிடிக்கலையா?"

"கடலுக்குள்ள கொண்டு போகணும்."

"நண்டை அங்கேயே அரிஞ்சு தின்னப் போறியா? நல்லா இருப்பா. எடுத்துட்டுப் போ. நாளைக்குக் கழுவிக் கொண்டு வா."

சனிக்கிழமை காலை மேடையில் ஒரு புது முகம். பியோ சூரிம். தலைநகர் சியோலில் இருந்து குடிவந்தவள், பள்ளிக்கூடப் பெண் மாதிரி முகம். இரண்டு பேர் என்பதால் ஹோ அன்று சட்டத்தின் இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று எனக் கயிறு கட்டியிருந்தார். வழக்கப்படி வயதில் மூத்தவர் முதலில், இடது பக்கம்.

"நீ எனக்கு அப்புறம் வா," என்றான் ஜின்மோ, கருணையோடு. "பயப்படாதே. நான் அறுக்கிறதைப் பார்த்துக் கத்துக்க. நீ எந்த வருஷம் பொறந்தே?"

"தொண்ணூறு. குதிரை வருஷம்."

ஜின்மோ தொண்ணூற்றொன்று. ஆட்டு வருஷம்.

ஹோவின் உதட்டிலிருந்த சிகரெட் கீழே விழுந்தது.

"மன்னிச்சுக்கோங்க அக்கா," என்று இடுப்பு வரை வளைந்தான் ஜின்மோ. "நீங்க முதல்ல இறங்குங்க. இடது பக்கம்."

சூரிம் இறங்கினாள். பத்து நொடி ஆயிற்று. இருபது, முப்பது ஆயிற்று. புத்தம் புதுக் கத்தியோடு மேலே வந்தாள். முகம் சிவந்திருந்தது.

"அறுக்கவே முடியல," என்றாள். "ஒரு அளவுக்கு மேல கத்தி இறங்க மாட்டேங்குது."

"கத்தி உதவாது அக்கா. இந்தக் குளிர்ல பிடிதான் எல்லாம்," என்று சொல்லிவிட்டு ஜின்மோ குதித்தான்.

வலது பக்கம். அகன்ற வளையத்துக்குள் நான்கு விரலும் கையுறையோடு குடியேறின. ஒரே கடி.

"மூணு நொடி," என்றார் தாக் அம்மா. கண்ணைத் துடைத்துக்கொண்டார். தன் வெற்றி அவரை இந்த அளவுக்கு உருக்கும் என்று ஜின்மோ எதிர்பார்க்கவில்லை.

படகு கப்பலின் மேல் வந்து நின்றது. ஒவ்வொருவராக இறங்கினார்கள். யாரும் அவனுக்குக் கை கொடுக்கவில்லை. பொறாமை, என்று ஜின்மோ புரிந்துகொண்டான், மன்னித்தும் விட்டான்.

"ஒரு சந்தேகம்," என்றாள் சூரிம், அடுப்பின் முன் உட்கார்ந்து. "நூடுல்ஸைப் போட்ட பிறகுதானே தண்ணியைச் சுட வைக்கணும்?"

"அப்படியும் செய்யலாம் அக்கா," என்றான் ஜின்மோ பெருந்தன்மையாக. நண்டுக் கத்தரிக்கோலை நெஞ்சில் தட்டிப் பார்த்துக்கொண்டு, தாக் அம்மாவுக்கு ஒரு சல்யூட் அடித்து, கடலுக்குள் போனான்.

அவன் துடுப்புகள் ஆழத்தில் சிறுத்து மறையும்வரை ஹோ காத்திருந்தார்.

"வயசை முன்னாடியே கேட்டிருக்கணும், தலைவரம்மா," என்றார் பெருமூச்சோடு. "வாராவாரம் தம்பிக்குன்னே உள்ளே எஃகுக் கம்பி ஓடுற கயிறாப் பார்த்துக் கட்டினேன், இன்னைக்கு இடது பக்கமும் அதேதான். இனிமே நமக்கு யாரு ராம்யொன் போடுவா?"