கைப்பிடி வைத்த கார்ன்ஹோல் பலகை

ஒஹையோ மாநிலத்தில் மில்ரேஸ் ஊராட்சி எல்லைக்குள் ஒரு பெண்ணைக் கட்டிக் கொடுப்பது லேசுப்பட்ட காரியமில்லை. மாப்பிள்ளைக்கு வேலை உண்டா, குடிப்பானா என்பதெல்லாம் அங்கே இரண்டாம் பட்சம். கல்யாணத்தன்று பெண்வீட்டாரும் பிள்ளைவீட்டாரும் கொல்லைப்புறப் புல்தரையில் கார்ன்ஹோல் ஆடியாக வேண்டும். சாய்த்து வைத்த மரப்பலகை, அதன் தலைமாட்டில் ஓர் ஓட்டை. தள்ளி நின்று சோளம் அடைத்த துணிப்பையை வீச வேண்டும். பை பலகையில் நின்றால் ஒரு புள்ளி, ஓட்டையில் விழுந்தால் மூன்று. ஆட்டம் அவ்வளவுதான். ஆனால் ஜெயித்தவர் வீட்டில்தான் இளந்தம்பதியின் முதல் நன்றி நாள் விருந்து, அதாவது நவம்பரில் வரும் தாங்க்ஸ்கிவிங் வான்கோழிச் சாப்பாடு. முதல் வருஷம் எந்த வீட்டு வான்கோழியோ, அதற்கப்புறம் எல்லா வருஷமும் அந்த வீட்டு வான்கோழிதான். தோற்ற வீட்டாருக்கு ஆயுசு முழுக்க மறுநாள் மிச்சம்.

நார்பர்ட் ஹக்கல்மன் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். ஒரே மகள் ஜில். வான்கோழியை அறுக்கும் கத்தி தன் கையிலும், மகள் எதிர் நாற்காலியிலுமாக இருந்தால்தான் அது நன்றி நாள் என்பது அவர் கட்சி. மகள் இல்லாத நாற்காலியைப் பார்த்துக்கொண்டு வான்கோழி தின்பதைவிட, வான்கோழியாகவே பிறந்திருக்கலாம் என்று மனைவி லோர்னாவிடம் சொல்லியிருந்தார்.

பலகை செய்து வைப்பது பெண்வீட்டார் பொறுப்பு. வைக்கத் தவறினால் ஆடாமலே தோல்வி. நார்பர்ட்டுக்கு அதில் கவலையில்லை. அடக்கம் என்பது அவரிடம் மருந்துக்கும் கிடையாது. தன் பலகைக்கு நிகரான பலகையை ஆறு தாண்டி கென்டக்கியில்கூடக் காட்ட முடியாது என்பார். கணு விழாத பிர்ச் பிளைவுட். திருகாணியெல்லாம் அடிப்பக்கத்திலிருந்து ஏறும். முகத்தில் ஒரு தழும்பு இருக்காது. சட்டத்தின் நடுவில் குறுக்குக் கட்டை உண்டு, இல்லாவிட்டால் விழுகிற பை மத்தளத்தில் விழுந்த மாதிரி துள்ளும். உப்புத்தாளை முரடிலிருந்து மெல்லிசுவரை வரிசையாகப் போட்டுத் தேய்த்து, வார்னிஷ் அடித்து, காயவிட்டு, மறுபடி தேய்த்து மறுபடி அடிப்பார்.

"ரொம்ப வழுக்கினா பை ஓடிப்போயிரும். ரொம்பப் பிடிச்சா விழுந்த இடத்துலயே படுத்துக்கும். பூசைக்கு லேட்டா வந்தவன் கடைசி பெஞ்சுல நைசா நகர்ந்து உக்காருவான் பாரு, அந்த வேகத்துல போகணும்" என்று வருங்கால மாப்பிள்ளை கிரெக்கிற்குப் பாடம் எடுத்தார்.

கிரெக் நாகரிகம் தெரிந்த பையன். இப்போதெல்லாம் பழைய தொழுவத்தைப் பிரித்த பலகையில்தான் செய்கிறார்கள் மாமா, ஓட்டையைச் சுற்றி நீல விளக்கு எரியும், படத்தில் பிரமாதமாக விழும் என்றான். அந்தப் பலகை வேண்டாம் என்றுதான் மாடே எழுந்து போய்விட்டது என்று நார்பர்ட் பேச்சை முடித்துவிட்டார்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் சம்பந்தி லோவல் ஃபிஸ்டர் வந்தார். பந்தல் கயிறு சரியாகக் கட்டியிருக்கிறதா என்று பார்க்கத்தான் வந்தார், ஏனென்றால் அவர்தான் ஊராட்சியின் கட்டட ஆய்வாளர். லோவலைக் கெட்டவர் என்று ஒருத்தர் சொல்ல முடியாது. லஞ்சம் வாங்கமாட்டார், பொய் சொல்லமாட்டார், யாருக்கும் சலுகை காட்டமாட்டார். அதனாலேயே ஊரில் அத்தனை பேருக்கும் அவரைக் கண்டால் பயம். பெற்ற தாயின் கோழிக்கூண்டுக்குத் தடையுத்தரவு ஒட்டிய மகான்.

பந்தல் தேறிவிட்டது. திரும்பும்போது பலகை கண்ணில் பட்டது. பையிலிருந்த ரசமட்டத்தை எடுத்து அதன்மேல் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"இது என்ன சம்பந்தி?"

"இது கூடவா தெரியாது? கார்ன்ஹோல் பலகை."

"அது நீங்க வச்ச பேரு. வெளியிடத்துல, மரத்துல, சாய்வா ஒரு பரப்பு இருந்தா விதிப்படி அதுக்குப் பேரு சாய்தளம். சாய்தளம்னா ரெண்டு பக்கமும் கைப்பிடி வேணும்."

"இதுல யார் சம்பந்தி நடக்கப் போறா?"

"நடக்கமாட்டாங்கன்னு நீங்க உத்தரவாதம் தர்றீங்களா? உங்க தம்பியும் கல்யாணத்துக்கு வர்றாருல்ல, பியரும் இருக்குல்ல?"

நார்பர்ட் தம்பியை நினைத்துப் பார்த்தார். 'நடக்காதே' என்று ஒரு அறிவிப்பு வைத்துவிடுகிறேனே என்று இறங்கி வந்தார். அதில் ஆட்சேபம் இல்லை, ஆனால் நடக்கக்கூடாத சாய்தளம் மூடப்பட்ட சாய்தளம் ஆகிவிடும், மூடப்பட்டதற்கு மஞ்சள் நாடா கட்டவேண்டும், நாடாவை அவிழ்க்க ஆய்வாளர் நேரில் வரவேண்டும் என்று லோவல் பொறுமையாக விளக்கினார். பிறகு குனிந்து ஓட்டைக்குள் எட்டிப் பார்த்தார். அவர் முகம் வெளுத்தது.

"நடைதளத்துல இவ்வளவு பெரிய ஓட்டையா? மூடி போடணும் சம்பந்தி."

"மூடிட்டா ஆட்டமே இல்லையே."

"மூடி இருக்கணும்னுதான் விதி. அது திறக்கக்கூடாதுன்னு விதி சொல்லலை."

அவர் போன பிறகு நார்பர்ட் அரைமணி நேரம் ஜெர்மன் மொழியில் பேசிக்கொண்டிருந்தார். அவருக்கு ஜெர்மனில் வசவு மட்டும்தான் தெரியும். இது விருந்தைத் தட்டிக்கொண்டு போகச் செய்த சதி என்றார். லோர்னா ஒத்துக்கொள்ளவில்லை. "அந்தாளு வேணும்னு செய்யலைங்க. வேணும்னு செய்யறவனா இருந்தா சண்டை போட்டுத் திருத்திடலாம்" என்றாள்.

அதற்கப்புறம் நார்பர்ட் பட்டறையை விட்டு வெளியே வரவில்லை. ஓக் மரத்தில் கைப்பிடி கடைந்தார். மாதாகோயில் பீடத்தில்கூட அப்படி வழவழப்பான கைப்பிடி இல்லை. ஓட்டைக்கு மூடி செய்தார். மெல்லிய வில்கம்பி வைத்து, சோளப்பை விழுந்தால் 'ஆகட்டும்' என்று திறந்து, விழுங்கி, மறுபடி மூடிக்கொள்கிற மூடி. வீசிப் பழகும்போது ஒரு விஷயம் தெரியவந்தது. தப்பிப் போகிற பையைக் கைப்பிடி தடுத்துப் பலகைமேலேயே திருப்பிப் போட்டது. நார்பர்ட் அன்று முதல் வேண்டுமென்றே தப்பாக வீசிப் பழகினார்.

கல்யாண நாள். வந்தவர்கள் தட்டில் சாசேஜும் உருளைக்கிழங்கும் வைத்துக்கொண்டு புல்தரையில் கூடி நிற்க, லோவல் கோட்டும் பூவுமாக வந்து, சோதனை முடியும்வரை பலகையைச் சுற்றிக் கட்டியிருந்த மஞ்சள் நாடாவை அவிழ்த்தார். எல்லாரும் கைதட்டினார்கள். சாய்தளத்தைப் பயன்பாட்டுக்கு விடுமுன் ஆய்வாளர் நடந்து பார்க்கவேண்டும் என்பது விதி. லோவல் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு பலகைமேல் பயபக்தியோடு ஏறினார். உச்சியில் வைத்த பாதத்துக்கு மூடி மரியாதையாகத் திறந்து வழிவிட்டது. பூட்ஸ் உள்ளே போயிற்று. மூடி முடிந்தவரை மூடிக்கொண்டது. ஆய்வாளர் ஒற்றைக்காலில் நின்றார்.

லோவல் அலட்டிக்கொள்ளவில்லை. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, கைப்பிடிமேல் காகிதத்தை வைத்து எழுதிக்கொண்டே வாய்விட்டுச் சொன்னார்: "மூடி இருக்கிறது. திறக்கிறது. மூடுகிறது. கைப்பிடி, விழ இருந்தவரைத் தாங்கியது. அனுமதிக்கப்படுகிறது." அதன்பிறகுதான் காலை உருவ ஆள் கூப்பிட்டார்.

ஆட்டம் கடைசி வீச்சுவரை இழுத்தது. நார்பர்ட் வீசிய பை பலகையை விட்டு விலகிப் போவதைப் பார்த்துப் பிள்ளைவீட்டார் ஆர்ப்பரித்தார்கள். பை கைப்பிடியில் இடித்து, திரும்பி, நைசாக நகர்ந்து மூடிமேல் போய் உட்கார்ந்தது. மூடி கொஞ்சம் யோசித்துவிட்டுத் திறந்தது. விருந்து ஹக்கல்மன் வீட்டில். லோவல் கைகுலுக்கி, விதிப்படி ஜெயித்தீர்கள் என்றார். அவருக்குத் தெரிந்த வாழ்த்து அதுதான்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் மில்ரேஸ் புத்தியுள்ள ஊர் என்று ஆகியிருக்கும். கல்யாணத்துக்கு வந்த அத்தனை பேரும் அந்தப் பலகையைப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். கோடை முடிவதற்குள் கைப்பிடி இல்லாத பலகையை வாசலில் போட ஆளுக்கு ஆள் கூசினார்கள். ஒருவர் பித்தளைக் கைப்பிடி வைத்தார். பக்கத்துவீட்டுக்காரர் அதற்குப் போட்டியாக மூடிக்கு மேல் இன்னொரு மூடி போட்டார். பை உள்ளே போவதே இல்லை, ஆனால் பார்க்க வெகு அழகு. லோவலைப் பார்த்துச் சிரித்த வாய்களெல்லாம் இப்போது, எங்கள் பலகைக்கு ஏன் இன்னும் ஆய்வாளர் முத்திரை வரவில்லை என்று ஊராட்சி மன்றத்தில் போய்ச் சண்டை பிடித்தன. மன்றத்தார் கூடி, சாய்வான பொழுதுபோக்குப் பரப்புகளுக்கான துணைக்குழு ஒன்றை அமைத்தார்கள். தலைவர் லோவல். நிபுணர் உறுப்பினர் நார்பர்ட். அவருக்கு ஆரஞ்சு நிறத்தில் ஒரு மேல்சட்டையும் கொடுத்தார்கள்.

சட்டை உடம்பில் ஏறியதும் நார்பர்ட் வேறு ஆளாகிவிட்டார். கூடப் பேருந்து ஓட்டிய நண்பரின் பலகையை விரலால் தடவிப் பார்த்து, "உப்புத்தாள் பத்தலை. அடுத்த மாசம் வாங்க" என்றார்.

"என்னப்பா நார்பர்ட், நான்தான்பா."

"தெரியுது. அடுத்த மாசம் வாங்க."

நவம்பர் வந்தது. அந்த ஊரில் விருந்து முடிந்ததும் வீட்டுக்கு வீடு கார்ன்ஹோல் ஆடுவார்கள். ராத்திரிப் பனியில் மரம் குணம் மாறிவிடும், ஆகவே அன்றன்றைய பலகையை அன்றன்றே சோதிப்பதுதான் முறை என்று நார்பர்ட்டே குழுவில் தீர்மானம் கொண்டுவந்தார். சோதிக்கும்வரை வீட்டுத் தலைவர் பலகைக்குப் பக்கத்தில் நிற்கவேண்டும் என்று லோவல் ஒரு வரி சேர்த்தார். அப்படியாக நன்றி நாளன்று மில்ரேஸின் அப்பாக்கள், மாமாக்கள், பெரியப்பாக்கள் அத்தனை பேரும் கொல்லைப்புறக் குளிரில் ஆளுக்கொரு பலகையோடு நின்றார்கள். நார்பர்ட்டும் லோவலும் வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தார்கள்.

ஹக்கல்மன் வீட்டு மேஜையில் லோர்னா, வீட்டில் தனியாக இருப்பானேன் என்று அவள் கூப்பிட்டு வந்திருந்த லோவல் மனைவி வெர்னா, ஜில், கிரெக். வான்கோழியை ஜில்லே அறுத்தாள். எந்தப் பக்கமாக அறுக்கவேண்டும் என்று யாரும் சொல்லித்தரவில்லை. தேர்தலைப் பற்றி ஒரு பேச்சில்லை. குழம்பு சூடாக இருந்தது. வெர்னா இரண்டாம் தடவை பூசணிப் பணியாரம் வாங்கிக்கொண்டு, இத்தனை வருஷத்தில் தான் சொல்ல ஆரம்பித்த ஒரு கதையைச் சொல்லி முடித்தது இன்றுதான் என்றாள். இருட்டியபிறகு வந்த நார்பர்ட்டுக்கு அடுப்பில் ஒரு தட்டு மூடி வைத்திருந்தது. எதிர் நாற்காலி காலியாக இருந்தது. மகளும் மாப்பிள்ளையும் புறப்பட்டுப் போயிருந்தார்கள். வேலை அப்படி, என்ன செய்வது என்று அவர் சட்டையைக் கழற்றாமலே சாப்பிட்டார்.

அடுத்த மன்றக் கூட்டத்துக்கு ஊர்ப் பெண்கள் திரண்டு வந்தார்கள். உட்கார இடமில்லை. லோர்னா எழுந்து, துணைக்குழுவின் தன்னலமற்ற சேவையை நாடு அறியும் என்றும், அதை ஒரு நாளோடு நிறுத்துவது பொதுநலனுக்கு உகந்ததல்ல என்றும், கிறிஸ்துமஸ், ஈஸ்டர், இரு வீட்டுப் பிறந்தநாள்கள் ஆகியவற்றுக்கும் நீட்டிக்குமாறு தாழ்மையுடன் வேண்டுவதாகவும் சொன்னாள். வெர்னா வழிமொழிந்தாள். எதிர்ப்பே இல்லாமல் நிறைவேறியது.

நார்பர்ட்டுக்குக் கண் கலங்கிவிட்டது. மேல்சட்டையை இழுத்து நேராக்கிக்கொண்டு லோவல் காதில் சொன்னார்:

"பாத்தீங்களா சம்பந்தி. நாம ரெண்டு பேரும் இல்லேன்னா இவங்களுக்கு ஒரு பண்டிகை ஓடாது."